சால்வேஜ் டைட்டில்: மீட்பும் அல்ல, தலைப்பும் அல்ல

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனில் முதுகலை படிக்கும் என் தங்கை மகன், பழைய டொயோட்டா கேம்ரி கார் ஒன்றின் விற்பனை விளம்பரத்தைக் கைப்பேசியில் தமிழாக்கிப் படித்துவிட்டு, "மாமா, மீட்புத் தலைப்புன்னு போட்டிருக்கு. திருட்டுப் போய்க் கிடைச்ச வண்டி போல. வெலையும் குறைச்சல். வாங்கலாமா?" என்று கேட்டான். மூலத்தில் இருந்த சொல் ‘சால்வேஜ் டைட்டில்’: பழுதுபார்ப்பது கட்டுபடியாகாது என்று முழு இழப்பாகக் கணக்கிடப்பட்ட வண்டியின் உரிமைச் சான்றிதழ். சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில் இரு பாதியும் பிழைபட்டு, எச்சரிக்கையாக எழுதப்பட்ட சொல் நற்சான்றாக மாறிவிட்டது. ஆயிரக்கணக்கான டாலர் கைமாறும் இடத்தில் இது சிறிய பிழையன்று. ஆகவே அச்சொல் வந்த வழியையும், அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பதையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

‘சால்வேஜ்’ கடலிலிருந்து கரையேறிய சொல். இலத்தீனில் ‘சால்வுஸ்’ என்றால் ஊறுபடாதது. அதிலிருந்து வந்த ‘சால்வாரே’ காப்பாற்றுவதைக் குறிக்கும். பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது அது ஒரு கூலியின் பெயராக இருந்தது: மூழ்கவிருந்த கப்பலையோ, பகைவர் கைப்பற்றிய கப்பலையோ மீட்டுக் கொடுத்தவருக்குக் கப்பலின் உரிமையாளரும் சரக்கின் உரிமையாளரும் தரவேண்டிய தொகையே சால்வேஜ். மீட்கும் செயலுக்கும் மீட்கப்பட்ட பொருளுக்கும் அப்பெயர் பின்னரே விரிந்தது. லண்டன் காப்பீட்டுச் சந்தையான லாய்டுஸின், 1908 முதல் புழங்கும் ஒப்பந்தப் படிவம்கூட, மீட்டால்தான் கூலி என்ற பழைய நெறியின்மீதே அமைந்தது. இந்த எல்லைக்குள் ‘மீட்பு’ என்னும் தமிழ்ச்சொல்லில் குறையேதும் இல்லை.

குறை தொடங்குவது காப்பீட்டில். பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் ஒரு கருத்தைத் தெளிவாக வகுத்தது: சேதமுற்ற கப்பலைப் பழுதுபார்க்கும் செலவு, பழுதுபார்த்தபின் அக்கப்பலுக்கு இருக்கும் மதிப்பைவிட மிகுமானால், கப்பல் கண்முன்னே மிதந்துகொண்டிருந்தாலும் அதை முழு இழப்பாகக் கருதலாம். உரிமையாளர் கப்பலைக் காப்பீட்டாளரிடம் கைவிட்டுவிட்டு முழுத்தொகையைக் கேட்கலாம். தொகையைக் கொடுத்த காப்பீட்டாளர், எஞ்சியதை எடுத்துக்கொள்ளலாம். அவ்வாறு எஞ்சியதற்கும் சால்வேஜ் என்றே பெயர். கார்க் காப்பீட்டுக்கு வந்த பொருள் இதுதான். விபத்துக்கு முன்பிருந்த சந்தை மதிப்பை உரிமையாளருக்குக் கொடுத்துவிட்டு, நிறுவனம் வண்டியை எடுத்து ஏலத்தில் விற்கிறது. இங்கே மீட்கப்படுவது காப்பீட்டு நிறுவனம் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு, வண்டியோ கைவிடப்பட்டது. கிறித்தவத் தமிழில் ஆன்மாவின் ஈடேற்றத்துக்கு வழங்கும் ‘மீட்பு’ என்ற உயர்ந்த சொல்லை இந்த வண்டியின்மீது ஏற்றினால், வாங்குபவர் ஏமாறாமல் வேறென்ன செய்வார்?

அடுத்தது ‘டைட்டில்’. நூலுக்குத்தான் அது தலைப்பு. சொத்துக்கு அது உரிமை. அமெரிக்காவில் வண்டியின் உரிமைச் சான்றிதழை அந்தந்த மாநிலம் வழங்குகிறது. அதன்மீது பொறிக்கப்படும் குறிப்பை அங்கே முத்திரை என்ற பொருளில் ‘பிராண்ட்’ என்பார்கள். நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் பார்க்கும் வழக்கம் நம் இரத்தத்தில் ஊறியது என்பதால், இதையும் வில்லங்கம் என்று மொழிபெயர்க்கச் சிலர் முனைகிறார்கள். அதுவும் பொருந்தாது. வில்லங்கம் என்றால் சொத்தின்மீது பிறருக்கு உரிமையோ கடனோ இருக்கிறது என்று பொருள். சால்வேஜ் முத்திரை பெற்ற வண்டியில் உரிமை துப்புரவாகவே இருக்கலாம். முத்திரை பேசுவது வண்டி பட்ட அடியைப் பற்றி.

எவ்வளவு அடி என்று கேட்டால், விடை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பழுதுச் செலவு வண்டி மதிப்பில் 75 விழுக்காட்டை எட்டினால் நியூயார்க்கில் முத்திரை விழும், புளோரிடாவில் 80, டெக்சாசில் செலவு மதிப்பையே தாண்டவேண்டும். கலிபோர்னியாவில் இத்தகைய நிலையான விழுக்காடு இல்லை. 8,000 டாலர் பெறும் வண்டிக்கு 6,200 டாலர் பழுதுச் செலவு என்றால், அது நியூயார்க்கில் முத்திரை பெறும். டெக்சாஸ் சட்டப்படி பெறவேண்டியதில்லை. அடி ஒன்றே, சான்றிதழ் வேறு. வண்டி பழையதாகி மதிப்புக் குறையக் குறைய, கூரையில் ஆலங்கட்டி விழுந்த பள்ளங்களே சில மாநிலங்களில் இந்தக் கோட்டைத் தாண்டப் போதுமானவை. அளக்கப்படுவது பணம்; இரும்பின் நிலை அந்தக் கணக்கில் நேராகத் தெரிவதில்லை.

ஆகையால் ‘முழு இழப்பு முத்திரை பெற்ற உரிமைச் சான்றிதழ்’ என்பதே என் பரிந்துரை. சுருக்கமாக ‘முழு இழப்புச் சான்றிதழ்’ எனலாம். தமிழ்நாட்டுக் காப்பீட்டு மதிப்பீட்டாளர்களும் ஒர்க்‌ஷாப்காரர்களும் ‘டோட்டல் லாஸ்’ என்று சொல்வதை ஒட்டிய சொல் என்பதால் இது அவர்களுக்கும் அந்நியமாக இராது. ‘அடிபட்ட வண்டி’ என்ற பேச்சுவழக்கு அழகானது, ஆனால் பம்பர் உரசியதும் அதில் அடங்கிவிடும். ‘காயலான்கடை வண்டி’ என்பது மறுகோடி. பழுதுபார்க்கவே இயலாது என்று தனிச் சான்றிதழ் பெறும் வண்டிக்குத்தான் அது பொருந்தும். முழு இழப்பு வண்டியைப் பழுதுபார்த்து, மாநிலம் கேட்கும் நடைமுறையை (பல இடங்களில் ஓர் ஆய்வை) முடித்தால் கிடைப்பது ‘ரீபில்ட்’ முத்திரை. அதைச் ‘சீரமைத்த வண்டி’ எனலாம். டெக்சாசில் சீரமைத்த வண்டிதான் சாலையில் ஓடலாம். முழு இழப்பு நிலையில் உள்ளது ஓடக்கூடாது. விளம்பரங்கள் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குழப்புவதால், சான்றிதழையே கண்ணால் பார்க்கவேண்டும். சீரமைத்தது என்ற முத்திரையையும் அளவுக்கு மீறி நம்பக்கூடாது: நியூயார்க்கில் அந்த ஆய்வு திருட்டு உதிரிபாகம் உள்ளதா என்று பார்ப்பதற்கே அன்றி, வண்டி பாதுகாப்பானது என்று சொல்வதற்கு அன்று.

வாங்குவதா என்ற முடிவு, முத்திரை எதனால் விழுந்தது என்பதைப் பொறுத்தது. ஆலங்கட்டி, திருடுபோய்ப் பின்னர் கிடைத்தது, கதவும் பம்பரும் நசுங்கியது ஆகியவற்றில் விலை உண்மையாகவே குறைந்திருந்தால், ஒரு நல்ல மெக்கானிக் வண்டியைத் தூக்கிவைத்து அடிச்சட்டத்தைப் பார்த்தபின் துணியலாம் என்பது என் எண்ணம். பட்டி டிங்கரிங் பார்த்துப் பளபளப்பாக்கிய உடலுக்குள் சட்டம் வளைந்திருப்பதையும், வெடித்த ஏர்பேக்குக்கு வெறும் மூடி போட்டிருப்பதையும் நம் கண் பிடிக்காது. வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணைக் கொடுத்து, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவான தேசிய உரிமைத் தகவல் அமைப்பின் அறிக்கையைச் சில டாலர்களுக்கு வாங்கிவிடலாம். ஒரு மாநிலத்தில் முத்திரை விழுந்த வண்டியை வேறு மாநிலத்தில் பதிந்து அம்முத்திரையை மறைக்கும் மோசடி பெரும்பாலும் அங்கே வெளிப்படும். பல வங்கிகள் இத்தகைய வண்டிக்குக் கடன் தருவதில்லை. பல காப்பீட்டு நிறுவனங்கள் பிறருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமே காப்பு அளிக்கும். இவ்விரண்டையும் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை மட்டும், என்ன விலைக்குத் தந்தாலும் நான் வேண்டாம் என்பேன். 2017இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் இலட்சக்கணக்கான வண்டிகள் நீரில் நின்றன. மின்கம்பிகளின் இணைப்புகளில் புகுந்த நீர் உடனே கெடுப்பதில்லை. உப்பும் ஈரமும் மாதக்கணக்கில் அரித்து, ஒருநாள் ஓடும்போது நிறுத்தும்.

தங்கை மகனிடம், ஓட்டுநர் இருக்கைப் பட்டையை (சீட் பெல்ட்) முடிவுவரை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். முன்பக்கம் லேசாக இடித்தது, அவ்வளவுதான் என்று விற்பவர் சொல்லியிருந்தாராம். வழக்கமாக வெளியே வரும் நீளம் புதிதாக இருந்தது. கடைசி ஒரு சாண் செம்மண் நிறத்தில், ஓரம் நேர்கோடாக, உலர்ந்த சேற்றுப் பொடி விரலில் ஒட்டும்படி வந்தது. அவன் பட்டையை விட்டுவிட்டு, அந்தப் பொடி ஒட்டிய விரலைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான்.