"என்ன நம்பர் போடலாம்?" என்று கேட்க முன்னர்

மார்கழி முடிகிற நேரம், பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்கும். கிளிநொச்சியில் கண்டாவளைப் பக்கம் இரண்டு ஏக்கர் வயல் செய்யும் ஒரு அக்கா போனில் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, "ஐயா, இது என்ன வருத்தம்?" என்று கேட்டார். பயிருக்கு மேலே ஒரு சாண் உயர்ந்து நிற்கும் கதிர்கள், மணியின் நுனியில் நீளமான வால். வருத்தம் எதுவும் இல்லை. பன்றிநெல், நெல்லோடு நெல்லாக முளைக்கும் களை.

அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். கதிரைத் தடவினாலே மணி உதிர்ந்தது. மற்றப் பயிரும் ஒரு மட்டமாக இல்லை. ஒரு பக்கம் பால் பிடிக்கிறது, இன்னொரு பக்கம் இப்போதுதான் குடலை, கதிர் இன்னும் உறைக்குள்ளேயே இருக்கிறது. இத்தனைக்கும் ஒரே நாளில் விதைத்த வயல். விதைநெல் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். லொறியில் கொண்டுவந்த ஒருவரிடம் ஆறு புசல் வாங்கினாராம். விதைநெல் பையில் தைத்துவரும் அத்தாட்சிச் சிட்டை இல்லை, பில் இல்லை. சாக்கில் மார்க்கர் பேனையால் '362' என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். அதற்குக் கொடுத்த காசு நகை அடைவு வைத்த காசு.

அந்தப் போகத்தில் இது எனக்கு ஏழாவது வயல். கதிர் வந்த பிறகு என்னால் செய்யக்கூடியது மிகக் குறைவு. விதை ஊறப்போட முன்னர் ஒரு பிடி நெல்லோடு வந்திருந்தால் ஒரு கிழமைக்குள் பாதிப் பதிலாவது சொல்லியிருப்பேன். எனக்கு அந்த அக்கா மேல் கோபம் இல்லை. விதை விஷயத்தில் விவசாய ஆலோசனை சொல்லும் எங்களிடம் வருவதே கடைசியில்தான் என்ற பழக்கத்தின் மேல்தான் கோபம்.

வருகிறவர்களும் கேட்பது ஒரே கேள்வி. புரட்டாதி பிறந்தால் போன் ஓயாது: "ஐயா, இந்தமுறை என்ன நம்பர் போடலாம்?" நம்பரைச் சரியாகப் பிடித்துவிட்டால் விளைச்சல் வந்துவிடும் என்று எப்படித்தான் எல்லோரும் நம்புகிறோமோ தெரியவில்லை. அந்த நம்பர், அதாவது நெல் இனத்தின் பெயரில் வரும் இலக்கம், என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார்ப்போம். பி.ஜி. என்றால் பத்தலகொடவில் உருவான இனம். ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டை. 250 இரண்டரை மாதம், 300 மூன்று மாதம், 352, 360, 362 எல்லாம் மூன்றரை மாதம், 403 நான்கு மாதம். பி.ஜி. 94-1 போன்ற பழைய பெயர்கள் இந்தக் கணக்குக்குள் வராது. ஆக, நம்பர் சொல்வது இனம் பிறந்த இடத்தையும் வயதையும். உங்கள் முன்னால் இருக்கும் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது.

இனம் வேறு, விதை வேறு. கறுத்தக்கொழும்பான் என்பது ஒரு மாம்பழ இனம். சந்தையில் வாங்கிய கறுத்தக்கொழும்பான் அழுகியிருந்தால், கறுத்தக்கொழும்பானே கூடாத பழம் என்று யாரும் சொல்வதில்லை. விற்றவரைத்தான் ஏசுவோம். நெல்லில் மட்டும் நேர்மாறாக நடக்கிறது. "பி.ஜி. 300 முளைக்குதில்லை" என்று சொல்கிறார்கள். போய்ப் பார்த்தால் அந்த விதைநெல் நண்பகல் வெயிலில் தார் றோட்டில் காய்ந்தது, பிறகு உரப்பையில் கட்டிச் சீமெந்து நிலத்தில் ஆறு மாதம் கிடந்தது. "ஏ.ரி. 362 கலப்பாகிப் போச்சு" என்கிறார்கள். கலந்தது இனமல்ல, அந்த மூட்டை. நம்பரைக் குற்றம் சொல்லி அடுத்த போகம் வேறு நம்பருக்கு மாறுவார்கள். ஆனால் அதையும் அதே றோட்டில் காய வைத்து, அதே பையில் கட்டி, அதே இடத்தில்தான் வைப்பார்கள். அதற்கு அடுத்த போகம் இன்னொரு நம்பர். பத்து வருடத்தில் ஆறு இனம் மாறிய வயல்கள் எனக்குத் தெரியும். அந்த வயல்களில் பிரச்சினை மட்டும் மாறவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழையான கதை, வீட்டு நெல்லை விதைக்கவே கூடாது என்பது. மிளகாயிலும் சோளத்திலும் ஒட்டு இன விதை வாங்கியிருந்தால் அதன் பிள்ளையை விதைக்கக் கூடாதுதான், தாயைப்போல வராது. நாங்கள் போடும் நெல் இனங்கள் அப்படி இல்லை. நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். சிட்டையோடு வாங்கிய நல்ல விதையைச் சுத்தமாக வைத்திருந்தால் இரண்டு மூன்று போகம் தாராளமாக விதைக்கலாம். 'சுத்தமாக' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அறுவெட்டு மெசின் உங்கள் வயலுக்குள் இறங்கும்போது அதன் வயிற்றில் முதல்நாள் வெட்டிய வயலின் நெல் இருக்கும். அந்த வயலில் பன்றிநெல் இருந்தால் அதுவும் இருக்கும். மெசின் கொட்டும் முதல் மூட்டைகளை ஒருபோதும் விதைக்கு வைக்காதீர்கள். முடிந்தால் கால் ஏக்கர் துண்டை விதைக்கென்று ஒதுக்கி, கதிர் வந்ததும் இறங்கி மாறுபட்ட பயிரைப் பிடுங்கி, அந்தத் துண்டைக் கையால் வெட்டுங்கள். எங்கள் அப்பு ஆச்சி காலத்தில் செய்ததுதான். விதைக்கு வைக்கும் நெல்லை அவர்கள் சாப்பாட்டு நெல்லோடு சேர்த்ததே இல்லை.

சரி, நம்பருக்கு வருவோம். அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. அதனால் சிலருக்கு என்மேல் மனவருத்தமும் உண்டு. நான் திருப்பிக் கேட்பேன். வயல் குளத்தின் கீழா, மானாவாரியா? வாய்க்காலின் தலைப்பிலா, கடைசியிலா? புழுதி விதைப்பா, சேற்று விதைப்பா? போன போகம் பயிரின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி வந்ததா? கிணற்றுத் தண்ணீர் உவரா? நெல்லை ஆலைக்கு விற்கவா, வீட்டுச் சாப்பாட்டுக்கா? இதெல்லாம் தெரியாமல் ஒரு நம்பரைச் சொல்வது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

ஒருமுறை கேட்காமல் சொல்லியிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிது. சிறுபோகத்துக்கு ஒரு பெரியவர் கேட்டார், நல்ல விளைச்சல் தரும் மூன்றரை மாத இனமொன்றைச் சொன்னேன். அவருடைய வயல் வாய்க்காலின் கடைசித் துண்டு என்று எனக்குத் தெரியாது. தலைப்புக்கு வருகிற தண்ணீர் அங்கே போய்ச் சேரப் பிந்தும், முதலில் நிற்பதும் அங்கேதான். பயிர் குடலையில் இருக்கும்போது தண்ணீர் நின்றது. அவர் ஏசவில்லை. "தம்பி, தண்ணி உங்கட கடுதாசியில வந்திருக்கும். என்ர வயலுக்கு வரேல்ல" என்று மட்டும் சொன்னார். மூன்று மாத இனம் போட்டிருந்தால் அந்த வயல் தப்பியிருக்கும். தண்ணீர் எந்த நாளில் எந்த மதகு வரை வரும் என்பதை எனக்குப் படிப்பித்தவர் அவர்தான். வயலைத் தெரிந்தவர் நீங்கள். இனத்தைத் தெரிந்தவர்கள் நாங்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைக்கும் திகதியும் இனத்தின் வயதும் பேசப்படும்போது பின்வரிசையில் இருந்து பேசாமல் எழும்பிப் போகாதீர்கள். கடைசி வாய்க்கால்காரர் வாய் திறக்காவிட்டால் கணக்கு தலைப்புக்காரருக்காகத்தான் போடப்படும்.

பூநகரிப் பக்கமும் கடல்நீரேரி ஓரமும் வயல் உள்ளவர்கள் கட்டாயம் உவரைப் பற்றிக் கதையுங்கள். ஏ.ரி. 354 போன்ற உவர் தாங்கும் இனங்கள் இருக்கின்றன. பரந்தன் நெல் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கிறது.

வெள்ளத்தையும் நினைத்துப் பாருங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை மறந்திருக்கமாட்டோம். அப்படியான நேரத்தில் அழிந்த வயலை மறுபடி விதைக்க விதை தேடுபவர்கள் கையில் அகப்பட்டதை வாங்குவார்கள். மார்கழிக் கடைசியில் மூன்றரை மாத இனத்தை மறுபடி விதைத்தால் பயிர் முடிய முன் மழை முடிந்துவிடும். அந்த நிலைக்கு இரண்டரை மாதத்து பி.ஜி. 250 இருக்கிறது. ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் பத்துப் புசல் குறுகிய வயது விதையைக் கையிருப்பில் வைத்தால் என்ன என்று பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது செய்யவேண்டியவை. விதைநெல் வாங்கினால் பையின் வாயில் தைத்த சிட்டை இருக்கவேண்டும். இனம், தொகுதி எண், பரிசோதித்த திகதி எல்லாவற்றையும் வாசியுங்கள். அத்தாட்சி பெற்ற விதைநெல்லில் நூற்றுக்கு 85 ஆவது முளைக்கவேண்டும், ஈரப்பதன் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பில் எடுங்கள். சிட்டையை எறியாதீர்கள். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடியை எடுத்து, பெயர் எழுதிப் போத்தலில் போட்டு வையுங்கள். 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. ஆனால் சிட்டையும் பில்லும் மாதிரியும் இல்லாமல் வந்தால் உங்களுக்காக நான் யாரிடம் போய்ப் பேசுவது?

வாங்கியதோ வீட்டில் வைத்ததோ, விதைக்க முன் நூறு மணியை எண்ணி ஈரச்சாக்கில் சுற்றி வையுங்கள். ஏழாம் நாள் எண்ணுங்கள். சிறுபோகத்தில் வெட்டிய நெல் உறக்கம் கலையாமல் இருக்கலாம், அதை வைத்தே பழுது என்று முடிவெடுக்காமல் இரண்டு கிழமை விட்டு மறுபடி பாருங்கள். எழுபதுக்கும் கீழே என்றால் அதை அவித்துக் குற்றிச் சாப்பிடுங்கள், தயவுசெய்து விதைக்காதீர்கள். "முளைப்பு குறைவு, அதனால் கூட விதைப்போம்" என்பது சரிவராத வேலை. ஏக்கருக்கு இரண்டு புசல் போதும் என்பது சிபாரிசு, கீரிச்சம்பா போன்ற சின்ன மணிக்கு இன்னும் குறைவு. மூன்று நான்கு புசல் கொட்டினால் பயிர் நெருங்கி நிற்கும், அடியில் காற்றுப் போகாது. அதற்குமேல் யூரியாவையும் அள்ளி வீசினால் அறக்கொட்டிக்கு வேறென்ன வேண்டும்.

வெள்ளை அரிசி இனமென்றால் ஒரு பிடியை உமி நீக்கிப் பாருங்கள். சிவப்பு மணி தென்பட்டால் பன்றிநெல் கலந்திருக்கலாம். 362 தானே சிவப்பு, அதில் இந்தச் சோதனை உதவாது. அதனால்தான் சிட்டை இல்லாத 362 ஐ வாங்கவே வேண்டாம் என்கிறேன். ஏற்கனவே பன்றிநெல் வந்த வயலுக்கு மருந்து கேட்டு வராதீர்கள். அதுவும் நெல்தான். நெல்லைக் காப்பாற்றும் களைநாசினி அதையும் காப்பாற்றும். உதிர்ந்த மணி மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும். முதல் மழைக்கு முளைக்கவிட்டு உழுங்கள், இரண்டு கிழமை விட்டு மறுபடி உழுங்கள், அப்புறம் விதையுங்கள். பயிருக்கு மேலே தலைகாட்டும் கதிர்களை உதிர முன் வெட்டி வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். ஒரு போகத்தில் தீராது.

புது இனம் ஆசைப்பட்டால் அரை ஏக்கரில் போடுங்கள், பக்கத்திலேயே பழையதும் நிற்கட்டும். அறுவெட்டுக்கு முன் என்னைக் கூப்பிடுங்கள், சேர்ந்து பார்ப்போம். யாருடைய ஆலோசனையைக் கேட்டாலும் அவர் உங்கள் வயலைப் பற்றிக் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காமல் மூட்டையை நீட்டுபவர் விற்க வந்தவர்.

அந்தக் கண்டாவளை அக்கா போன கிழமை வந்தார். சேலை முந்தானையில் முடிந்த ஒரு பிடி விதைநெல், தங்கையின் வயலில் எடுத்தது, கையால் வெட்டியது. நூறில் எழுபத்தாறு முளைத்திருந்தது. "கூட விதைச்சாச் சரிதானே ஐயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். முட்டை மிதக்குமளவு உப்புக் கரைத்த தண்ணீரில் நெல்லைக் கொட்டி, மேலே மிதந்த சப்பியையும் அரைமணியையும் வழித்தெடுத்து, கீழே நின்றதை நல்ல தண்ணீரில் மூன்று தரம் கழுவி, அதில் நூறை மறுபடி சாக்கில் சுற்றச் சொன்னேன். நேற்று எண்ணினோம். எண்பத்தெட்டு. மிச்ச நெல்லையும் இதேமாதிரிச் செய்து நிழலில் காய வைக்கிறாராம். இந்தமுறை ஏக்கருக்கு இரண்டு புசல்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை முதல் உழவாம்.