அடிமனை: ‘கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட்’டுக்கு ஒரு தமிழ்ச்சொல்

வீட்டை விற்பார்கள், வீடு நிற்கும் மண்ணை விற்க மாட்டார்கள். அமெரிக்க நகரங்களில் ‘கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட்’ என்ற பெயரில் நடப்பது இதுதான். நிலம் ஓர் அமைப்பின் பெயரில் இருக்கும். வாங்குகிறவருக்கு வீடு சொந்தம், மனை பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகை. மண்ணின் விலை சேராததால் வீடு கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. பின்னால் விற்கும்போதும் கண்ட விலைக்கு விற்க முடியாதபடி குத்தகைப் பத்திரத்திலேயே கட்டுப்பாடு உண்டு.

வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டனில் 1984-இல் நகராட்சியே 2,00,000 டாலர் முதல் போட்டு இதைத் தொடங்கிவைத்தது. அப்போது மேயர் பெர்னி சாண்டர்ஸ். அங்கே விற்பவருக்கு மதிப்பு உயர்வில் கால் பங்குதான். வீட்டின் மதிப்பு 40,000 டாலர் ஏறியிருந்தால் அவர் கையில் 10,000 வரும், கடனில் அடைத்த அசலும் வரும். மீதி அடுத்து வாங்குகிறவருக்கு விலைக்குறைப்பாகப் போய்விடும். பாஸ்டன் இன்னொரு படி ஏறியது. டட்லி தெருப் பகுதியில் குப்பைமேடாகக் கிடந்த தனியார் காலிமனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை 1988-இல் அந்தப் பகுதி மக்களின் அமைப்புக்கே நகர நிர்வாகம் கொடுத்தது.

பெயர் ஆங்கிலம். கருவில் ஒரு பங்கு இந்தியாவுடையது. 1951-இல் போச்சம்பள்ளியில் வினோபா பாவே தொடங்கிய பூதானம் (நிலமில்லாதவர்களுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்ட இயக்கம்), அடுத்த ஆண்டே கிராமதானமாக வளர்ந்தது: நிலம் ஊருக்கு, உழவு குடும்பத்துக்கு. இதைக் கவனித்தவர்களில் ராபர்ட் ஸ்வான் என்ற அமெரிக்கரும் ஒருவர். அவரும் சார்லஸ் ஷெரட், ஸ்லேட்டர் கிங் போன்ற குடிமை உரிமைப் போராளிகளும் சேர்ந்து 1969-இல் ஜார்ஜியாவில் கறுப்பின உழவர்களுக்காக ‘நியூ கம்யூனிட்டீஸ்’ அமைத்தார்கள். 5,000 ஏக்கருக்கு மேல் இருந்த அந்த நிலம் வறட்சியாலும் கடனாலும் 1985-இல் கைவிட்டுப் போயிற்று. அதற்குள் யோசனை வயலை விட்டு நகரத்துக்குக் குடிவந்துவிட்டது.

இனி தமிழ். ‘சமூக நில அறக்கட்டளை’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். எனக்கு ஒப்பவில்லை. ‘கம்யூனிட்டி சர்டிஃபிகேட்’ என்றால் சாதிச் சான்றிதழ் என்று அர்த்தமாகும் ஊரில், ‘சமூக நிலம்’ என்பது ஏதோ ஒரு சாதிச் சங்கத்தின் இடம் என்றே காதில் விழும். அறக்கட்டளையில் வேறு சிக்கல். இன்ன காரியத்துக்கு இந்த நிலத்தின் வருமானம் என்று எழுதிவைப்பதே கோயில் வழக்கில் ‘கட்டளை’. அந்தப் பொருள் இங்கே நன்றாகவே பொருந்தும். ஆனால் இன்று அறக்கட்டளை என்றால் இலவச நோட்டுப் புத்தகமும் கண் சிகிச்சை முகாமும்தான் நினைவுக்கு வருகின்றன. பர்லிங்டனில் வீடு வாங்குகிறவர் கடன் வாங்கி, தவணை கட்டி வாங்குகிறார். தானம் பெறவில்லை.

நம் பேச்சில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: அடிமனை. ‘கட்டடம் எங்களது, அடிமனை கோயிலுடையது’ என்று கோயில் நகரங்களில் சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். சங்கப் பாட்டில் மனை என்றால் வீடு, இல்லம். இன்றைய பத்திரத்தில் மனை என்றால் வெறும் இடம். ‘அடி’ முன்னால் வந்ததும் குழப்பம் தீர்ந்து, வீட்டுக்குக் கீழே இருக்கும் மண் என்றாகிவிடுகிறது. ஒரு குறை உண்டு. ஸ்ரீரங்கத்தில் இந்தச் சொல்லைச் சொன்னால் கோயிலுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் நடக்கும் நெடுநாள் தகராறுதான் ஞாபகம் வரும். சென்னையிலோ 1921-ஆம் ஆண்டின் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் நேர் எதிர்த்திசையில் போயிற்று: பிறர் மண்ணில் வீடு கட்டியவர் அந்த மண்ணையே விலைக்குக் கேட்டு நீதிமன்றம் போக வழி செய்தது. இருந்தாலும், வீடும் மண்ணும் வெவ்வேறு கையில் இருக்கலாம் என்பதை விளக்கமே தேவையில்லாமல் சொல்ல இதைவிடச் சொல் இல்லை.

அமைப்புக்கு? வாரியம் என்றால் அரசு, காப்பகம் என்றால் அநாதை இல்லம். ‘மன்றம்’ தேவலை, ரசிகர்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருந்தால். இவற்றின் நிர்வாகக் குழுவில் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு அந்த வீடுகளில் குடியிருப்பவர்கள், ஒரு பங்கு அக்கம்பக்கத்தார், ஒரு பங்கு பொது ஆட்கள். ஊர் கூடும் இடத்துக்குப் பழைய பெயரும் மன்றம்தானே. ஆகவே, ஊர் அடிமனை மன்றம்.

வாக்கியத்தில்: “வீட்டை அக்கா பேரில் பதிந்தாயிற்று; அடிமனை மன்றத்துடையது, அதனால்தான் அந்த விலைக்குக் கிடைத்தது.”