காவிரிப் பாலத்துக்கு எது சோதனை?

ஈரோட்டில் ஏறிச் சேலம் பக்கம் போகிற வண்டி, காவேரி ஆர்.எஸ். ரயில் நிலையம் வருவதற்கு முன்பே ஆற்றைத் தாண்டிவிடும். சென்னையிலிருந்து மேற்குக் கரையின் பேப்பூர் வரை போட்ட பாதை 1862இல் முழுதாகத் திறந்தது. அன்றிலிருந்து அந்தப் பாதையின் ரயில்கள் காவிரியைக் கடப்பது இந்தப் பகுதியில்தான்.

பாலத்துக்குச் சோதனை ரயிலின் எடைதான் என்று தோன்றும். எடை கணக்குக்குள் அடங்கும். எஞ்சின் எவ்வளவு, பெட்டி எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். வெயிலும் அப்படித்தான். பாலத்தைத் தாங்கும் 30 மீட்டர் இரும்பு உத்தரம் (கர்டர்) 30 டிகிரி சூடேறினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளும். அதனால் ஒரு முனையைப் பூட்டிவிட்டு, மறுமுனையை நகர விடுகிறார்கள்.

கணக்குக்கு எளிதில் அடங்காதது வெள்ளம். தூணில் மோதும் நீரில் ஒரு பங்கு பக்கத்தில் விலகும், இன்னொரு பங்கு தூணை ஒட்டியே கீழே பாயும். அடியில் அது சுழன்று மணலைத் தோண்டி, இரு பக்கமும் குதிரை லாடம்போல் வளைந்து ஓடும். நீரின் வேகம் இரட்டிப்பானால் தூணைத் தள்ளும் விசை நான்கு மடங்கு. மணலை வாரும் வலு அதைவிடவும் வேகமாக ஏறும். பள்ளம் ஆழமாக இருப்பது வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது. வடியும்போது ஆறே மணலைக் கொண்டுவந்து மூடிவிடும். கோடையில் இறங்கிப் பார்த்தால் குறை எதுவும் தெரியாது. என்னை மிகவும் கவலைப்படுத்துவது இந்த மறைவுதான். 1928இல் கட்டிய திருச்சி கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தன. நல்லவேளை, அதில் போக்குவரத்து முன்பே நின்றிருந்தது.

ஈரோட்டுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. பள்ளிபாளையம் பக்கம் தண்ணீர் குறைந்தால் ஆற்றில் பாறைகள் தலைகாட்டும். பாறையில் ஊன்றிய தூணின் அடியை நீரால் எளிதில் அரிக்க முடியாது. கீழே டெல்டாவில் அந்த வசதி இல்லை. அங்கே வட்டக் கிணறு கட்டி, உள்ளிருக்கும் மண்ணை அள்ள அள்ள அதை ஆற்றுக்குள் ஆழமாக இறக்கி, அதன் மேல்தான் தூண் எழுப்ப வேண்டும்.

1924 ஜூலைப் பெருவெள்ளம் மேட்டூர் அணைக்கு முந்தையது. 1934இல் அணை வந்தபின் காவிரியின் முரட்டுத்தனம் குறைந்தது, தீரவில்லை. அணை நிரம்பினால் வருகிற நீரை அப்படியே திறந்தாக வேண்டும். கூடுதுறையில் பவானியும் வந்து சேரும். அதனால்தான் ரயில்வே பாலத் தூண்களில் அபாய அளவைக் கோடு போட்டு வைக்கிறார்கள். ஆனால் அந்தக் கோடு நீரின் உயரத்தைத்தான் சொல்லும். தூணடியில் எவ்வளவு மண் போயிருக்கிறது என்பதை ஒலி அலைக் கருவியால் வெள்ளம் ஓடும்போதே அளந்துவிடலாம். மணல் படுகையில் நிற்கும் பழைய பாலம் ஒவ்வொன்றிலும் அந்தக் கருவி பொருத்தப்பட வேண்டும்.