இரண்டே இன்ஜினில் பாதி உலகம்

விமான நிறுவனங்கள் நான்கு இன்ஜின் விமானங்களை ஓரங்கட்டிவிட்டு இரண்டு இன்ஜின் விமானங்களாக வாங்கிக் குவிக்கின்றன, வாங்கிய கையோடு இதுவரை இல்லாத தூரத்துக்கெல்லாம் நேரடி சேவையும் அறிவிக்கின்றன, இன்ஜின் குறைந்தால் தூரமும் குறையத்தானே வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி.

ஒரே தடத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் நியூயார்க்கை ஒட்டிய நெவார்க்குக்கு எங்கும் நிற்காமல் பறக்க ஆரம்பித்தது, சுமார் 15,300 கி.மீ. ஏர்பஸ் ஏ340-500, நான்கு இன்ஜின், 2 லட்சம் லிட்டருக்கு மேல் எரிபொருள் பிடிக்கும் டேங்குகள். போகப்போக இருக்கைகளை 100 ஆகக் குறைத்து, அத்தனையும் பிசினஸ் வகுப்பாக்கிப் பார்த்தார்கள். அப்படியும் எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை, 2013-ல் நிறுத்திவிட்டார்கள். 2018 அக்டோபரில் அதே சேவை திரும்ப வந்தது. இந்த முறை ஏ350-900யூஎல்ஆர் (மிக நெடுந்தூர வகை): இரண்டு இன்ஜின், 1,65,000 லிட்டர், 161 இருக்கைகள்.

காரணங்கள் பல. ஏ350-ன் எடையில் பாதிக்கு மேல் கார்பன் இழை போன்ற கலப்புப் பொருட்கள், அதனால் உடல் இலேசு. இறக்கை வடிவமும் முன்னேறியிருக்கிறது. விதிகளும் தளர்ந்தன: ஒரு இன்ஜின் நின்றால் மற்றதை வைத்து 60 நிமிடத்தில் ஏதாவது விமான நிலையத்தை எட்டும்படிதான் பறக்க வேண்டும் என்றிருந்தது 1985-ல் 120 நிமிடமானது, ஏ350-க்கு 2014-ல் 370 நிமிடம் வரை அனுமதி கிடைத்தது. நான்கு இருந்தால்தான் பாதுகாப்பு என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். இன்ஜின் அதிகமானால் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும்தான் கூடுகிறது. எண்ணிக்கையை விட ஒவ்வொரு இன்ஜினும் எவ்வளவு நம்பகமானது என்பதே முக்கியம். அப்புறம், நெடுந்தூரப் பயணத்தில் எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் எரிகிறது, ஆகவே இன்ஜினின் திறன் கொஞ்சம் கூடினாலும் பலன் இரட்டிப்பாகத் தெரியும்.

அந்தத் திறன் எங்கிருந்து வருகிறது? வெப்ப இயந்திரம் எதுவானாலும் உள்ளே சூடு ஏற ஏறத் திறன் கூடும், இது பள்ளியில் படித்ததுதான். சிக்கல் என்னவென்றால், எரி அறையிலிருந்து வரும் வாயு 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது, அதை நேராக முகத்தில் வாங்கிச் சுழலும் சக்கரமான டர்பைனின் பிளேடு செய்யப்பட்ட நிக்கல் கலவையோ 1,400 டிகிரிக்குள் உருகிவிடும். உள்ளங்கையில் அடங்கும் பிளேடு அது. நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் சுழலும்போது பல டன் விசை அதை வெளிப்பக்கமாக இழுக்கிறது. உருக்கும் நெருப்புக்குள் நின்றுகொண்டு அது உருகாமல் இருக்கிறது!

முதல் உபாயம் காற்று. காற்றை அமுக்கி எரி அறைக்கு அனுப்பும் கம்ப்ரஸரிலிருந்து கொஞ்சம் காற்றைத் திருப்பி பிளேடின் உள்ளிருக்கும் வளைந்த குழாய்களுக்குள் அனுப்புகிறார்கள். அதுவே 600 டிகிரிக்கு மேல் இருக்கும், ஆனால் இந்த இடத்தில் அதுதான் குளிர்காற்று. மேற்பரப்பிலுள்ள பொடித் துளைகள் வழியே அது கசிந்து, நெருப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படர்கிறது. மேலே ஒரு பீங்கான் பூச்சு வேறு.

இவ்வளவு செய்தும் உலோகம் 1,000 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்தச் சூட்டில் ஆயிரக்கணக்கான மணி நேரம் இழுபட்டால் எந்த உலோகமும் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். காரணம், சாதாரண உலோகம் என்பது செங்கல் சுவர் மாதிரி, குட்டிக் குட்டிப் படிகங்கள் ஒட்டி நிற்பது. இந்தச் சூட்டில் முதலில் விட்டுக்கொடுப்பது படிகங்கள் ஒட்டும் எல்லைகள்தான். சரி, எல்லையே இல்லாமல் செய்துவிட்டால்? முழு பிளேடும் ஒரே படிகமாக இருந்தால்?

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். வெண்கலச் சிலை வார்க்கிறார்களே, அதே மெழுகு முறையில் பீங்கான் அச்சு செய்து, வெற்றிட உலையில் வைத்து உருகிய கலவையை ஊற்றுகிறார்கள். அச்சின் அடியில் நீர் ஓடும் செப்புத் தகடு. குளிர்ச்சி அங்கேதான் தொடங்குவதால் நூற்றுக்கணக்கான படிகங்கள் ஒரே நேரத்தில் முளைத்து மேலே ஏறுகின்றன. அச்சை உலையிலிருந்து நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் கீழே இறக்குகிறார்கள். வேகமாக வளரும் திசையில் நிற்கும் படிகங்கள் மற்றவற்றை நெருக்கி ஒழித்துவிடும். அப்படியும் சில மிஞ்சும். அவற்றுக்காகவே பிளேடுக்கு அடியில் ஒரு குறுகிய சுருள் பாதை வைத்திருக்கிறார்கள். அந்தத் திருப்பங்களில் முட்டி ஒவ்வொன்றாக நின்றுபோக, ஒரே ஒரு படிகம் மட்டும் மறுமுனையில் வெளியே வரும். பிளேடின் நுனிவரை வளர்வது அந்த ஒன்றுதான். பிறகு சுருளை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். ஒரு சுருளின் வடிவத்தை வைத்தே கோடிக்கோடி அணுக்களை ஒரே வரிசையில் நிற்க வைப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பு தீரவில்லை.

அமெரிக்க இன்ஜின் நிறுவனமான பிராட் அண்ட் விட்னி இந்த ஆராய்ச்சியில் 1960-களிலேயே இறங்கியது, பயணிகள் விமான இன்ஜினில் ஒற்றைப் படிக பிளேடு சேவைக்கு வந்தது 1982-ல். இடையில் ஏறக்குறைய 20 ஆண்டுகள். மூன்றே வருடத்தில் பலன் காட்டு என்று கேட்கும் நிதி அமைப்புகளிடம் இப்படியொரு திட்டம் இன்று தேறுமா? உலோகவியலுக்கு விளம்பரக் கவர்ச்சி கிடையாது, நிதி ஒதுக்கீட்டில் அது கடைசியில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

பிளேடுகளுக்கும் ஆயுள் உண்டு. 2016-ல் போயிங் 787-ல் பொருத்தும், ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் ட்ரென்ட் 1000 இன்ஜின்களின் டர்பைன் பிளேடுகளில் அரிப்பு தெரியவந்தது, அடுத்த சில ஆண்டுகளில் பல விமானங்கள் மாற்று பிளேடுகளுக்காகத் தரையில் காத்துக் கிடந்தன. 2024-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதே ட்ரென்ட் 1000 இன்ஜின்களும் உதிரிபாகங்களும் வந்து சேரத் தாமதமாவதால் கோலாலம்பூர் சேவையை மறுபடி தொடங்குவதைத் தள்ளிப்போட்டது. புதுத் தடம் பற்றிய அறிவிப்பு வந்தால், எத்தனை விமானம் வாங்குகிறார்கள் என்பதோடு எந்த இன்ஜின், மாற்று இன்ஜின் எத்தனை கைவசம் என்றும் பாருங்கள்.