பாலிப்பின் உச்சியில் விசித்திரச் செல்கள்

நெடுநாள் அழற்சியால் இரைப்பையின் சளிப்படலம் அரிபடுவதும் ஆறுவதுமாக இருக்கையில், ஆற்றும் வேலை அளவு மீறிப்போய், மேற்புறக் குழிகள் நீண்டு சுருண்டு ஒரு சதைமேடாக எழும்புவதுண்டு. ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப் எனப்படும் இந்த மேட்டுக்குப் பல நேரங்களில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியே பின்னணியில் இருக்கிறது. கிருமியை ஒழித்ததும் பாலிப் சுருங்கி மறைந்துபோவதும் உண்டு.

மேடாக நிற்பதாலேயே அதன் உச்சி உணவிலும் இரைப்பையின் அசைவிலும் உரசிப் புண்ணாகிறது. ஹீமடாக்ஸிலின், ஈயோசின் சாயங்கள் ஏற்றிய மெல்லிய திசுச் சீவலில் அந்தப் புண்ணின் அடியைப் பார்க்கும் நோயியல் மருத்துவர் ஒரு கணம் திடுக்கிடுவது இயல்பே. நட்சத்திரம்போல் கிளைத்த பெரிய செல்கள், சிலவற்றில் இரண்டு மூன்று உட்கருக்கள், அடர்ந்த நீலம், எடுப்பாகத் தெரியும் உட்கருமணிகள்! ஒற்றைச் செல்லை மட்டும் காட்டிக் கேட்டால் சார்கோமா, அதாவது இணைப்புத்திசுப் புற்று, என்றே சொல்லத் தோன்றும். உண்மையில் அவை புண்ணை மூட முனைந்திருக்கும் நார்த்திசுச் செல்கள். அழற்சியின் தூண்டுதலால் உருப்பெருத்திருக்கின்றனவே தவிர, கட்டுமீறிப் பெருகவில்லை. புண்ணுக்குக் கீழே மெல்லிய பட்டையாக மட்டும் நிற்பதும், ஆழம் செல்லச் செல்ல இயல்பான செல்களாக மாறிவிடுவதும், கோணலான செல்பிரிவு எதுவும் தென்படாததும் அவற்றைக் காட்டிக்கொடுக்கின்றன. சளிப்படலச் செல்களிலிருந்து எழும் புற்றில் ஏறும் கெரட்டின் புரதச் சாயமும் அவற்றில் ஏறாது.

இதைவிட நுட்பமாக ஏமாற்றுவது மற்றொரு வகை. புண்பட்ட சுரப்பியின் சுவரிலிருந்து உதிர்ந்த சளிச்செல், பிடிப்பிழந்து உருண்டுவிடுகிறது. உள்ளிருக்கும் சளி உட்கருவை ஓரத்துக்குத் தள்ள, மோதிர வடிவச் செல்கள் கொண்ட இரைப்பைப் புற்றான முத்திரை மோதிரச் செல் புற்றுநோயின் அச்சாகவே அது காட்சியளிக்கிறது. இங்கே உருவம் உதவாது, இருப்பிடமே பேசும். போலிச் செல்கள் சுரப்பியின் அடித்தளச் சவ்வுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன; ஊடுருவும் புற்றுச்செல்களோ அதைத் தாண்டித் திசுவுக்குள் சிதறியிருக்கும். ரெட்டிகுலின் சாயம் அந்த எல்லையைக் கறுப்புக் கோடாக வரைந்து காட்டும்.

இத்தகைய பாலிப்களில் ஒரு சிறு பங்கில் மெய்யான புற்றும் தோன்றக்கூடும் என்பதால், எல்லாவற்றையும் போலி என்று ஒதுக்கவும் முடியாது. எண்டோஸ்கோப்பி இடுக்கி உச்சியிலிருந்து சில மில்லிமீட்டர் துணுக்கை மட்டும் கிள்ளி வந்தால், விசித்திரச் செல்கள் வந்து சேரும், அவற்றின் கீழிருக்கும் அமைதியான திசு வராது. பாலிப்பை அடியோடு வெட்டி அனுப்பினால்தான் உச்சி முதல் அடி வரை ஒரே சீவலில் படிக்க முடிகிறது.