எல்லையோர வழக்குக்கு எந்த வழக்கறிஞர்? இலவசச் சட்ட உதவி யாருக்கு?

கேரளத்தின் பாலக்காடு மாவட்ட எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பாகப்பிரிவினைத் தகராறு என்றால், பலர் முதலில் பஸ் ஏறுவது பொள்ளாச்சிக்கோ கோவைக்கோதான். ஆனால் நிலம் அந்த மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் இருந்தால், அந்தப் பகுதிக்கு அதிகாரம் உள்ள கேரள நீதிமன்றத்தில்தான் வழக்குத் தொடர வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 16வது பிரிவின் பொதுவிதி அது. நிலம் எல்லைக்கு இருபுறமும் கிடந்தால், 17வது பிரிவின்படி இரண்டில் ஒரு நீதிமன்றத்தில் தொடர வழி உண்டு.

தமிழ்நாட்டில் பதிவுசெய்த வழக்கறிஞர் கேரள நீதிமன்றத்தில் வாதாடச் சட்டத்தில் தடை இல்லை. சிக்கல் வேறு. ஆதாரம் எனப்படும் நிலப் பத்திரம், வரி ரசீது, கிராம அலுவலகச் சான்று எல்லாம் மலையாளத்தில் இருக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் எல்லை தாண்டி வர வேண்டும். அதனால் வழக்கு நடக்கும் ஊரிலேயே தொழில் செய்பவராக, மலையாளம் படித்துத் தமிழில் விளக்கத் தெரிந்தவராகப் பாருங்கள். முதல் சந்திப்பிலேயே ஆதாரத்தின் நகலை மேசைமேல் வைத்து, சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கிழக்கே யாருடைய நிலம், மேற்கே எந்த வாய்க்கால் என்று அவர் நிதானமாகப் படித்துச் சொன்னால், உங்கள் வழக்கு அவருக்குப் பிடிபடும் என்று நம்பலாம். படிக்காமலே “ஜெயித்துவிடலாம்” என்பவரிடம் வழக்கைக் கொடுக்காதீர்கள்.

கட்டணத்தை முன்கூட்டியே பேசி எழுதி வாங்குங்கள். கிடைக்கும் சொத்தில் இத்தனை சதவீதம் என்று பங்கு கேட்க வழக்கறிஞருக்கு அனுமதி இல்லை. வழக்கறிஞர்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி அதைத் தடுக்கிறது. நிரப்பாத தாளில் கையெழுத்திடவே கூடாது. மலையாள மனுவைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. வழக்கு பதிவானதும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை, அதாவது வழக்கின் தனி அடையாள எண்ணை, வாங்கி வைத்தால், அடுத்த வாய்தா என்றைக்கு என்பதை இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பணம் இல்லை என்பதற்காக உரிமையை விட்டுவிடுகிறவர்கள் இங்கே உண்டு. அவர்களுக்குத்தான் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். அதன் 12வது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் போன்றோர் இலவச வழக்கறிஞர் பெறலாம். பெண்ணுக்கு வருமான வரம்பே கிடையாது. மூணாறு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும், சொந்த வீடும் வேலையும் உள்ள பெண்ணுக்கும் இந்த உரிமை ஒன்றுதான். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். இந்தப் பிரிவுகளில் வராதவருக்கு மட்டுமே வருமானம் பார்ப்பார்கள். கேரளத்தில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரம்பு.

சித்தூர், தேவிகுளம், பீர்மேடு போன்ற இடங்களில் உள்ள தாலுகா சட்டப்பணிகள் குழுவிடமோ, மாவட்ட ஆணைக்குழுவிடமோ மனு கொடுக்கலாம். எழுத வராதவர் நேரில் போய்ச் சொன்னால் அங்கேயே எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணிலும் அழைத்துக் கேட்கலாம். மனுமீது 7 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. இந்த உதவியில் வழக்கறிஞர் மட்டுமல்ல, நீதிமன்றக் கட்டணம், சாட்சிச் செலவு, ஆவண மொழிபெயர்ப்புச் செலவு எல்லாம் அடங்கும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இந்த மொழிபெயர்ப்பு பெரிய உதவி. மனுவிலேயே கேட்டு எழுதிவிடுங்கள்.

குழுவின் பட்டியலில் உள்ள ஒருவரைப் பெயர் சொல்லியும் கேட்கலாம், பரிசீலிப்பார்கள். தமிழ் தெரிந்தவர் யார் என்று அலுவலகத்தில் விசாரித்து அவரையே கேளுங்கள். அப்படி அமர்த்தப்பட்டவர் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கேட்டால் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுத்து வேறொருவரைக் கேளுங்கள்.

சொந்தச் செலவில் வைத்த வழக்கறிஞரையும் மாற்றலாம். கட்டணப் பாக்கியைக் காட்டி அவர் வழக்கு ஆவணக் கட்டைத் தராமல் நிறுத்திவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. தர மறுத்தால் அவர் பதிவுசெய்துள்ள மாநிலப் பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். அதற்கு அவருடைய பதிவு எண் தேவைப்படும்; வக்காலத்தில் கையெழுத்திடும் அன்றே அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.