பேரழிவுப் படமா, பேரிடர்ப் படமா?

மொரிசியசுத் தமிழர்களிடையே நிகழ்ச்சி அறிவிப்புகளிலும் மொழிபெயர்ப்புப் பயிற்சித் தாள்களிலும் 'பேரழிவுத் திரைப்படங்களின் கவர்ச்சி நாயகன்' என்னும் தொடர் அடிக்கடி தட்டுப்படுகிறது. அண்மையில் ஒருவர் மேடையில் நின்று அதை உரக்கப் படிக்கவும் கேட்டேன். 2015இல் வெளிவந்த 'சான் ஆன்ட்ரியாஸ்' படத்தில் மீட்பு ஹெலிகாப்டரை ஓட்டிச் சென்று மனைவியையும் மகளையும் காப்பாற்றும் டுவெய்ன் ஜான்சனைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தார். படம் பார்க்காதவர் எவரேனும் அங்கே இருந்திருந்தால், ஊரை அழிக்கும் வேலையில் இறங்கிய ஒருவர், போதாக்குறைக்கு அரைகுறை ஆடையில் ஆடவும் செய்பவர் என்றே எண்ணியிருப்பார். அந்தத் தொடரிலுள்ள இரண்டு முக்கியச் சொற்களும் தவறு. முதற்சொல்லின் தவறு பெரிது என்பதால் அதையே விரிவாகப் பார்க்கிறேன்.

ஆங்கிலத்தில் இவ்வகைப் படத்தை 'டிசாஸ்டர் மூவி' என்பார்கள். 'டிசாஸ்டர்' என்பது இத்தாலிய மொழியின் 'டிசாஸ்ட்ரோ'விலிருந்து பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். கேட்டைக் குறிக்கும் முன்னொட்டும் விண்மீனைக் குறிக்கும் 'ஆஸ்ட்ரோ'வும் சேர்ந்தது அது. நம் வழக்கில் 'கிரகம் சரியில்லை' என்பதற்கு மிக அருகில் நிற்கிறது. நம் தீவில் ஆங்கிலப் பெயரைவிடப் பிரெஞ்சுப் பெயரே காதுக்குப் பழக்கம்: 'ஃபில்ம் கத்தஸ்த்ரோஃப்'. இந்தக் 'கத்தஸ்த்ரோஃப்' கிரேக்கச் சொல். 'கீழாகத் திரும்புதல்', 'கவிழ்தல்' என்பது அதன் வேர்ப்பொருள். கிரேக்க நாடகத்தின் கடைசித் திருப்பத்தைக் குறிக்கும் கலைச்சொல்லாகவும் அது வழங்கியது. 1972இல் வந்த 'போசைடன் அட்வென்ச்சர்' படத்தில் பெருங்கப்பல் ஒன்று புத்தாண்டு இரவில் பேரலை மோதித் தலைகீழாகக் கவிழ்ந்துவிடுகிறது. பிழைத்தவர்கள் அடித்தளத்தை மேல்தளமாகக் கொண்டு ஏறித் தப்பிக்க முயல்கிறார்கள். கிரேக்க வேருக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. வேர்ச்சொல் ஆராய்ச்சி இவ்வளவு போதும். வேரைப் பிடித்துக்கொண்டு 'தீக்கோள் படம்' என்றோ 'கவிழ்ச்சிப் படம்' என்றோ ஆக்கினால் சொன்னவரைத் தவிர வேறு யாருக்கும் புரியாது. இன்றைய பொருளுக்கு இன்றைய தமிழில் எது நேராக நிற்கும் என்பதே கேள்வி.

'பேரழிவு' ஏன் நிற்காது? அழிவு என்பது நடந்து முடிந்ததன் பெயர். வீடு இடிந்தது, பயிர் போயிற்று, உயிர் போயிற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்னும் இடத்தில்தான் தமிழன் 'அழிவு' என்கிறான். இடர் அப்படிப்பட்டதன்று. இடர் வரும், சூழும், தொடரும், நீங்கும்; அதைத் தாங்கலாம், கடக்கலாம், களையலாம். சம்பந்தர் திருநெடுங்களப் பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு 'இடர் களையாய் நெடுங்களம் மேயவனே' என்று வேண்டுகிறார். திருவாவடுதுறையில் 'இடரினும் தளரினும் எனதுறு நோய் தொடரினும்' என்று தொடங்குகிறார். நம் கோவில்களில் ஓதப்படும் இந்த வரிகளில் 'இடர்' இருக்கும் இடத்தில் 'அழிவு' என்று வைத்துப் பாருங்கள். 'அழிவைக் களை' என்று எந்தத் தெய்வத்திடமும் யாரும் வேண்டமாட்டார்கள். களைவதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

வள்ளுவரோ இவ்விரு கருத்துகளையும் ஓர் அதிகாரத்தின் தலைப்பிலேயே பிரித்து வைத்துவிட்டார். அறுபத்து மூன்றாம் அதிகாரத்தின் பெயர் 'இடுக்கண் அழியாமை'. இடுக்கண் வெளியிலிருந்து வருவது. அழிதலும் அழியாமையும் அதை எதிர்கொள்பவனைப் பொறுத்தவை. அதே அதிகாரத்தில் 'அடுக்கி வரினும் அழிவிலான் உற்ற இடுக்கண் இடுக்கட் படும்' (625) என்கிறார். மேன்மேலும் அடுக்கி வந்தாலும் மனம் அழியாதவனுக்கு வந்த துன்பம், தானே துன்பப்பட்டுப் போகும். இதைவிடச் சுருக்கமாக ஒரு ஹாலிவுட் கதைச்சுருக்கத்தை எவரும் எழுதியதில்லை. முதலில் நிலநடுக்கம், பிறகு தீ, அடுத்துக் கடலலை என்று இடுக்கண் அடுக்கி வருவதும், நடுவில் ஒருவன் அழியாமல் நிற்பதும்தானே இந்தப் படங்கள்? குறளின்படி பார்த்தால் நாயகன் 'அழிவிலான்'. அவன் நடிக்கும் படத்துக்கு 'அழிவு' என்று பெயர் சூட்டுவது அந்தக் குறளையே தலைகீழாகப் படிப்பதாகும்.

இன்னொரு தடையும் உண்டு. 'பேரழிவு' என்னும் சொல் ஏற்கெனவே வேறொரு பணியில் அமர்ந்துவிட்டது. ஈராக்கின் மீது 2003இல் போர் தொடுக்கப்பட்டபோது 'பேரழிவு ஆயுதங்கள்' என்னும் தொடரைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் நாள்தோறும் அச்சிட்டன. ஒரே வீச்சில் ஆயிரக்கணக்கானோரைக் கொல்லும் அணு, உயிரியல், வேதி ஆயுதங்களுக்கு அது சரியான சொல். அங்கே காப்பாற்றுபவன் இல்லை. கொல்பவன் மட்டுமே உண்டு. அந்த வாடை சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. 'மக்கள் கட்டடம் சரிவதையும் பாலம் முறிவதையும் பார்க்கத்தானே காசு கொடுக்கிறார்கள், அதை அழிவு என்று சொன்னால் என்ன தவறு?' என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கேள்வி நியாயமானது, பாதி உண்மையும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் படங்களின் நேரம் எதில் செலவாகிறது என்று பாருங்கள். 1974இல் வந்த 'டவரிங் இன்ஃபெர்னோ'வில் 138 மாடிக் கோபுரத்தில் தீப்பிடித்த பிறகு, மேல் மாடியில் சிக்கிக்கொண்ட விருந்தினர்களை எப்படிக் கீழே கொண்டுவருவது என்பதே கதை. போசைடனில் கப்பல் கவிழ்வது தொடக்கப் பகுதியிலேயே முடிந்துவிடுகிறது; மீதிப் படம் முழுவதும் ஏறுவது, வழி தேடுவது, ஒருவரை ஒருவர் தூக்கிவிடுவது. இடிவதைக் காணச் சென்றவரும் கடைசிவரை இருக்கையில் அமர்ந்திருப்பது யார் பிழைப்பார் என்று அறியத்தான். இடிந்தவுடன் படத்தை முடித்துவிட்டால் அவர் பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

தீவில் வாழும் நமக்கு இந்த வேறுபாட்டை அகராதி கற்பிக்க வேண்டியதில்லை. சூறாவளி எச்சரிக்கை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறும்போது, தண்ணீர் பிடித்து வைத்து, மெழுகுவத்தி வாங்கி, சன்னலுக்குப் பலகை அடித்து, வானொலியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறோமே, அந்த நேரம் முழுவதும் இடர். அழிவு ஒன்றும் இன்னும் நிகழவில்லை. சில ஆண்டுகளில் நிகழாமலேயே போய்விடுகிறது. 1960இல் கரோலும், மணிக்கு 280 கிலோமீட்டர் வீச்சுடன் 1975இல் ஜெர்வேசும் கடந்து சென்ற பிறகு, வெளியே வந்து பார்த்து எண்ணியதே அழிவு. 2024 சனவரி 15 அன்று பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை வெள்ளம் அடித்துச் சென்றதே, அப்போது கார்மேல் ஏறி நின்றவர் இடரில் இருந்தார். அவரை மீட்டுவிட்டால் அழிவு காரோடு போயிற்று. இத்தனை நுட்பமாக உணரும் மக்களிடம் இரண்டையும் ஒரே சொல்லில் குழைத்துக் கொடுப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

அரசு வழக்கைப் பார்த்தாலும் தமிழ்நாட்டில் 'பேரிடர் மேலாண்மை' என்றே நிலைபெற்றுவிட்டது; இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழில் 'பேரிடர் மேலாண்மைச் சட்டம்' என்கிறார்கள். 'பேரழிவு மேலாண்மை' என்றிருந்தால் அழிவைத் திறம்பட நடத்தித் தரும் அலுவலகம் என்று பொருளாகியிருக்கும். இலங்கையில் 'அனர்த்த முகாமைத்துவம்' என்பார்கள். அது அவர்கள் ஊரில் வேரூன்றிய சொல். மாற்றச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் நாம் புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது வடமொழி 'அனர்த்த'த்தை எடுக்க வேண்டிய தேவை என்ன? 'அர்த்தமற்றது' என்னும் ஒலியும் அதில் கேட்கிறது. சில படங்களுக்கு அது பொருந்தும் என்பது வேறு விஷயம்.

'இடர்' மென்மையான சொல், பெருங்கேட்டின் கனத்தைத் தாங்காது என்பாரும் உளர். அதற்காகத்தான் 'பெருமை' என்னும் அடை முன்னால் வந்து, ஆதி நீண்டு, 'பேரிடர்' ஆகிறது. பேரழிவு புணர்வதும் இதே முறையில்தான். இலக்கணத்தில் ஒன்றுக்கொன்று குறைவில்லை. படத்தோடு சேர்க்கும்போது 'பேரிடர்ப் படம்' என்று பகர மெய் மிகும் என்பதை மட்டும் நினைவில் கொண்டால் போதும். ஒருவர் இருவர் அல்லர், உலகமே முடியப்போகிறது என்னும் கதைகளுக்கு, 2009இல் வந்த '2012' போன்றவற்றுக்கு, நம்மிடம் 'ஊழி' என்னும் அரிய சொல் சும்மா கிடக்கிறது. 'ஊழிப் படம்' என்றால் ஊழிப் பெருவெள்ளத்தை அறிந்த எந்தத் தமிழருக்கும் உடனே விளங்கும்.

இனி அந்தக் 'கவர்ச்சி நாயகன்'. ஆங்கிலத்தின் 'கரிஸ்மா'வைத்தான் இங்கே 'கவர்ச்சி' என்று பெயர்த்திருக்கிறார்கள். 'கரிஸ்மா' என்பது கிரேக்கத்தில் 'அருளால் கிடைத்த கொடை'. விவிலியத்தில் பவுலின் திருமுகங்களில் சமயச் சொல்லாக வழங்கியதை, சமூகவியலர் மாக்ஸ் வேபர் தலைவர்களின் தனிஆற்றலுக்குப் பெயராக்கினார். தமிழில் 'கவர்' என்னும் வினை தூய்மையானதுதான். 'உள்ளம் கவர் கள்வன்' என்று சம்பந்தரே பாடியிருக்கிறார். என்ன செய்வது, திரையிதழ்கள் பல பத்தாண்டுகளாகக் 'கவர்ச்சி நடனம்', 'கவர்ச்சிப் படம்' என்று எழுதி எழுதி அந்தச் சொல்லைத் துணிக்குறைப்போடு கட்டிப்போட்டுவிட்டன. திரைப்படத்தைப் பற்றிய கட்டுரையிலேயே அதை வேறு பொருளில் ஆள முடியாது. 'வசீகரம்' கேட்க இனிமை; ஆனால் பிறரைத் தன்வயப்படுத்தும் மருந்து மந்திரத்தின் நிழல் அதன்மேல் விழுகிறது.

பேரிடர்ப் படத்தின் நாயகனிடம் நாம் காண்பது என்ன? டவரிங் இன்ஃபெர்னோவில் தீயணைப்புத் தலைவராக ஸ்டீவ் மெக்குவீன் வந்து நிற்கும்போது, அவர் அதிகம் பேசாமலேயே 'இவர் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்' என்னும் நம்பிக்கை பார்ப்பவருக்கு வந்துவிடுகிறது. நிற்கும் நிலை, பார்க்கும் பார்வை, பதறாத குரல் இவற்றால் வருவது அது. இதற்குத் தமிழில் 'மிடுக்கு' என்று பெயர். வலிமையும் செருக்கும் நடையழகும் ஒன்றாகத் திரண்ட இந்தச் சொல்லைச் சிறிய ஊர்களில் இன்னும் முதியவர்கள் சொல்லக் கேட்கலாம். அந்தப் படத்தில் மெக்குவீனுக்கும் பால் நியூமனுக்கும் யார் பெயர் முதலில் என்னும் சிக்கல் எழுந்து, ஒருவர் பெயரை இடப்பக்கம் தாழ்த்தியும் மற்றவர் பெயரை வலப்பக்கம் உயர்த்தியும் போட்டார்கள். மிடுக்குக்கு அத்தனை விலை. (பணத்தாளில் அச்சிடும் மொழிகளின் வரிசையில் தமிழின் இடம் மாறியதற்காக 1998இல் எதிர்த்து நின்ற நம் சமூகத்துக்கு இந்த வரிசைச் சண்டை நன்றாகவே புரியும், அதே அக்கறையில் கால் பங்கு சொற்களின் பொருள்மீதும் இருந்திருக்கலாம்.)

இந்த மிடுக்கு வெறும் உடற்கட்டும் அன்று. போசைடனில் வழிகாட்டும் பாதிரியார், பாதையை மறித்த நீராவியை அடைத்துவிட்டுத் தாம் இறக்கிறார். 1998இன் 'ஆர்மகெடான்' படத்தில் புரூஸ் வில்லிஸ் விண்கல்லிலேயே தங்கி வெடியை இயக்குகிறார். பிறர் இடரைக் களைந்து தன் அழிவை ஏற்கும் இவர்களை விளக்கவும் இடர், அழிவு என்று இரண்டு தனிச்சொற்கள் தேவைப்படுகின்றன. டுவெய்ன் ஜான்சன் தலைமுறையில் நாயகன் சாவது அரிதாகிவிட்டது. அரசு ஹெலிகாப்டரில் தன் குடும்பத்தை மட்டும் தேடிப் போவதுகூட மன்னிக்கப்படுகிறது. அதுவும் ஒருவகை மிடுக்குதான், சற்று மலிந்த வகை. 'ஆக்‌ஷன் ஸ்டார்' என்பதற்குச் சிலர் 'செயல் நட்சத்திரம்' என்று எழுதுவதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன். 'அதிரடி நாயகன்' எல்லார் வாயிலும் இருக்கிறது, பொருளும் நேர்.

இத்தவறுகளின் ஊற்று இப்போது பெரும்பாலும் இயந்திர மொழிபெயர்ப்பு. அது 'டிசாஸ்டர்' என்று கண்டால் 'பேரழிவு' என்று துப்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இயந்திரத்தை நோக எனக்கு மனமில்லை. அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம். அதைப் படித்துப் பார்க்காமல் அப்படியே ஒட்டும் மனிதர்மேல்தான் கோபம். வசூலில் வீழ்ந்த படத்தையும் ஆங்கிலத்தில் 'டிசாஸ்டர்' என்பார்கள். அதையும் 'அந்தப் படம் ஒரு பேரழிவு' என்று தமிழில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். 'படுதோல்வி' என்று சொல்லத் தெரியாத தமிழன் உண்டா? இனி ஒருவர் 'நேற்று ஒரு பேரழிவுப் படம் பார்த்தேன்' என்றால், அதில் நகரம் இடிந்ததா, தயாரிப்பாளர் இடிந்தாரா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.